திங்கட்கிழமை வேர்வை

லாண்டரிக்காரம்மாவுக்குத் திங்கட்கிழமை என்றால் மண்ணோடு மல்லுக்கட்டும் நாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் பையன்கள் கழற்றி எறிந்த ஜெர்சிகள் ராத்திரி முழுக்கக் கிளப் ரூம் பெஞ்சில் குவிந்து கிடக்கும். காலை டீயைக் குடித்த கையோடு அவள் போய் மூட்டை கட்டித் தூக்கி வருவாள். சாவி ஜன்னலின் மேல் விளிம்பில் இருக்கும். அது அங்கே இருப்பது ஊருக்கே தெரியும். உள்ளே திருடுவதற்கு ஏதாவது இருந்தால்தானே ஒளித்து வைக்க வேண்டும்?

மண்ணை நனைத்தால் கெட்டது காரியம். காயவிட்டு உதற வேண்டும். ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர். வெந்நீர் பட்டால் ஜென்மத்துக்கும் போகாது. புல் கறைக்கு எலுமிச்சையும் உப்பும். இதெல்லாம் யாரும் பழகிக்கொள்ளலாம். அவளுக்கென்று இருந்த வித்தை வேறு. துணியை மூக்கருகே கொண்டுபோனால் போட்டவன் யாரென்று சொல்லிவிடுவாள். கோல்கீப்பர் பயத்தில் வேர்ப்பவன், அவன் சட்டையில் ஒரு புளிப்பு. பின்னால் நிற்கும் தடியனிடம் தைல வாடை. சிகரெட்டை விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்த கேப்டன் பெண்டாட்டியை ஏமாற்றலாம், லாண்டரிக்காரம்மாவை ஏமாற்ற முடியாது. ஆனால் அவள் யாரைப் பற்றியும் வாய் திறந்ததில்லை. துணி சொன்னதைத் துணியோடு விட்டுவிட வேண்டும் என்பது அவள் தொழில் தர்மம். அதை அவள் மீறியது ஒரே ஒரு தடவை. இந்தக் கதையே அதனால் வந்ததுதான்.

அந்த மூட்டையில் யாரும் போடாத சட்டை ஒன்றும் இருக்கும். பதினொன்றாம் நம்பர். அவள் மகனுடையது.

ஊர் அவனை எலி என்றது. ஆள் அவ்வளவு குள்ளம், சந்து கிடைத்தால் புகுந்து போய்விடுவான். பெற்ற பிள்ளையை எலி என்கிறார்களே என்று முதலில் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அப்புறம் ஒருநாள் ஓரக்கோட்டில் அவன் பந்தோடு பறந்தபோது கூட்டம் "எலி, எலி" என்று கத்த, அவளும் சேர்ந்து கத்திவிட்டாள். போன மழைக்காலத்தில், ஆட்டத்துக்குப் போகிற வழியில் அவன் பைக் பாலத்து ஈரத்தில் வழுக்கியது. பின்னால் வந்த லாரிக்காரனைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. அவள் தேய்த்து மடித்து வைத்த சட்டை கிளப் ரூமில் அவனுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

அவனுடைய அப்பா மரமில்லில் ரம்பம் ஓட்டுகிறவர். ரம்பக்காரர் என்றால்தான் தெரியும். மகன் பந்து விளையாடுவதை அவர் தடுத்ததில்லை. "பந்து சோறு போடுமா" என்று ஒரு தடவை கேட்டார், அத்தோடு சரி. ஆனால் ஓர் ஆட்டத்தைக்கூட வந்து பார்த்ததில்லை. "ஒரே ஒரு தடவை வந்து பாருங்கப்பா" என்று அவன் கேட்கும்போதெல்லாம் மில்லில் ஞாயிற்றுக்கிழமை பார்த்து ஏதாவது லோடு வந்துவிடும். மகன் போன பிறகு வீட்டில் பேச்சு குறைந்தது. அவள் சோற்றைத் தட்டில் போட்டுக்கொள்வாள், இன்னொரு தட்டால் அப்படியே மூடி வைத்துவிடுவாள். காலையில் அவர்தான் அதை எடுத்து வெளியே நாய்க்குக் கொட்டுவார். எதிரெதிரே உட்கார்ந்தும் இரண்டு பேரும் தனித்தனியாக அழுதார்கள்.

கிளப் செயலாளரை ஊர் விசில் என்று கூப்பிடும். சைக்கிள் கடை வைத்திருப்பவர். ஒரு காலத்தில் ரெஃப்ரியாக இருந்தவர், இன்னமும் கழுத்தில் விசில் தொங்கும். அவருக்கு வேறு கவலை. சீசன் முடிவில் ஆட்டத்துக்குச் சராசரி இருநூறு டிக்கெட்டாவது போகாவிட்டால் கிளப்பை எடுத்துவிடுவோம் என்று லீக் ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். கிளப் போனால் மைதானம் லாரி நிறுத்துமிடம் ஆகிவிடும். வந்துகொண்டிருந்ததோ முப்பது நாற்பது பேர். அதிலும் பாதி ஆட்டக்காரர்களின் சித்தப்பா, மாமா. விசில் தலைகீழாக நின்று பார்த்தார். ஓசி டீ கொடுத்தார், பேண்டு வைத்தார், பெண்களுக்கு டிக்கெட் வேண்டாம், சும்மா வரலாம் என்றார், குலுக்கலில் சேவல் ஒன்று பரிசு என்றார். சேவல் கிடைத்தவன் சேவலோடு போனவன்தான், திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆளைக் கூட்டிட்டு வர்றது பெரிய விஷயம் இல்லக்கா. ஓசி டீன்னா எவனும் வருவான். வந்தவன் மறுவாரமும் வரணுமே, அங்கதான் இடிக்குது" என்று அவளிடம் புலம்புவார்.

எலி போனதும் விசில்தான் ஓரக்கோட்டுக்கு அருகே ஒரு மர நாற்காலியைப் போட்டு அதன் முதுகில் பதினொன்றாம் நம்பரை மாட்டினார். அந்த நம்பரை இனி யாருக்கும் தருவதில்லை என்று முடிவானது. முதல் இரண்டு வாரம் நல்ல கூட்டம். பிறகு பழைய கதைதான். துக்கத்துக்கு வருகிறவன் எத்தனை நாளைக்கு வருவான்? நாற்காலியில் சட்டை மட்டும் காற்றில் கையை ஆட்டிக்கொண்டிருந்தது. யாரும் போடாத அந்தச் சட்டையையும் அவள் வாராவாரம் துவைத்தாள். கசங்காததை நனைத்துத் தேய்த்தாள். பெற்ற மனம் பித்து என்று சொல்லி மற்றவர்கள் பேசாமல் இருந்தார்கள்.

அப்படி ஒரு திங்கட்கிழமை கிளப் ரூம் பெஞ்சிலிருந்து அதைத் தூக்கியபோது கை பிசுபிசுத்தது. முதுகு நனைந்திருந்தது. இடது தோளில் அழுக்காக ஒரு தீற்றல். வாயைத் துடைத்த தடம். ஓடிவிட்டு வந்து இடது தோளில் வாயைத் துடைத்துக்கொள்வது எலியின் பழக்கம். எத்தனை வருஷமாக அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கசக்கியிருக்கிறாள்! சட்டையை முகத்தோடு வைத்து மோந்து பார்த்தாள். சந்தேகமே இல்லை. அவன்தான். அவளுக்கு அழுகை வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டு மகன் வீட்டுக்கு வந்துவிட்டான் என்பது போல நிம்மதியாக இருந்தது.

அதை அவளால் தனக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை. ஜெர்சிகளுக்கு நம்பர் தைக்கும் பக்கத்து வீட்டுத் தையல்காரியிடம் சொல்லிவிட்டாள். யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அடுத்த ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் கிழிப்பவருக்குக் கை வலித்தது.

வந்தவர்கள் பந்தைப் பார்க்கவில்லை, நாற்காலியைப் பார்த்தார்கள். அதற்கடுத்த வாரமும் சட்டை வேர்த்து வந்தது, அதற்கடுத்த வாரமும். பயந்தவர்கள் உண்டு, சிரித்தவர்கள் உண்டு. ஆனால் யாரும் வராமல் இருக்கவில்லை. ஒரு வாரம், புருஷனைப் பறிகொடுத்த நர்ஸ் ஒருத்தி இரண்டு டிக்கெட் வாங்கினாள். ஒன்றில் தான் உட்கார்ந்துகொண்டு பக்கத்து இடத்தில் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைத்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. மறுவாரம் ஒருவர் தம்பியின் தொப்பியோடு வந்தார். பேக்கரிக்காரர், வயிறு முன்னால் வர ஆள் பின்னால் வருகிற மனிதர், டிக்கெட் ஜன்னலில் குனிந்து, "ஒரு முழு டிக்கெட், ஒரு அரை டிக்கெட்" என்றார். செத்தவருக்கு அரை டிக்கெட்டா என்று பின்னால் நின்ற ஒருவன் சிரித்தான். பேக்கரிக்காரர் பக்கத்து இடத்தில் சிவப்பு ரிப்பன் ஒன்றை வைப்பதைப் பார்த்ததும் சிரித்தவன் இடத்தை மாற்றிக்கொண்டு போனான்.

இப்படியே மைதானத்தில் ஆள் இருக்கும் இடமும் ஆள் இல்லாத இடமும் மாறி மாறி நிறைந்தன. நம் பையன்கள் வழக்கம்போல் தோற்றார்கள். கோல் விழும்போது எழும் சத்தம், அங்கே உட்கார்ந்திருக்கிறவர்களை விட அதிகம் பேர் போடும் சத்தமாகக் கேட்கிறது என்று டீக்கடைக்காரர் சொன்னார். அவர் வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் அதைச் சொல்லிவிட்டு ஊற்றிய டீக்குக் காசு வாங்க மறந்துவிட்டார்.

வீட்டில் லாண்டரிக்காரம்மா தட்டை மூடி வைப்பதை நிறுத்தியிருந்தாள். சாப்பிட்டாள், மறுசோறும் போட்டுக்கொண்டாள். துவைக்கும்போது ஏதோ முனகினாள். பதினொன்றாம் நம்பரைத் தனி வாளியில், எல்லாம் முடிந்த பிறகு, கடைசியாகத் துவைத்தாள். அன்றைக்கு நடந்ததையெல்லாம் அதனிடம் சொல்வாள். ரம்பக்காரர் கதவருகே நின்று கேட்டுவிட்டு, சத்தமில்லாமல் மில்லுக்குப் போவார்.

மகன் வந்து போகிறான், ஆனால் தன்னிடம் முகத்தைக் காட்டவில்லையே என்ற ஏக்கம் அவளுக்குப் பெருகிக்கொண்டே போனது. கடைசி ஆட்டத்துக்கு முந்தின வாரத் திங்கட்கிழமை அவள் டீகூடப் போடாமல் விடியும் நேரத்திலேயே கிளம்பினாள். ரம்பக்காரர் அதற்கு முன்பே போயிருந்தார். திங்கட்கிழமைகளில் அவர் சீக்கிரம் போவது வழக்கமாகியிருந்தது. லோடு இருக்கும் என்று நினைத்து அவள் ஏனென்று கேட்டதில்லை.

மைதானத்தின் கேட் திறந்திருந்தது. புல் மேல் முழங்கால் உயரத்துக்குப் பனி. அந்தப் பனிக்குள் ஓரக்கோட்டை ஒட்டிப் பதினொன்றாம் நம்பர் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டாள். முதுகு மட்டும் தெரிந்தது. எலி இவ்வளவு மெதுவாக ஓடமாட்டானே என்று முதலில் தோன்றியது. செத்தவர்களுக்கு உடம்பு கனக்குமோ என்று அடுத்தது தோன்றியது. அந்த உருவம் பந்தை உதைத்தது. பந்து கோலுக்குப் போகாமல் கொடிக்கம்பத்துப் பக்கம் போனது. அதை எடுக்கப் போய், மூச்சு வாங்கி, முழங்காலில் கையை ஊன்றி நின்று, இடது தோளில் வாயைத் துடைத்தது. அப்புறம் இந்தப் பக்கம் திரும்பியது. சட்டை வயிற்றில் ஏறிப்போய் நின்றது. நரைத்த தலை.

ரம்பக்காரர் காலி நாற்காலியைப் பார்த்து, "பாத்தியாடா? இன்னிக்கும் வெளியதான் போச்சு" என்றார்.

தப்பு எங்கே நடந்தது என்று அவளுக்கு நின்ற இடத்திலேயே விளங்கிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் துவைத்த அவருடைய துணியில் மரத்தூளும் மெஷின் எண்ணெயும் கலந்தே இருக்கும். அது இல்லாத அவர் வேர்வையை அவள் மோந்ததே கிடையாது. மில்லுக்குப் போகும் முன்பு, குளித்த உடம்போடு ஓடிய அந்த வேர்வைதான் மகனிடம் இருந்தது. மகனிடம் இருந்த எல்லாமே அங்கிருந்து போனதுதான். வேறு எந்தத் தாயாக இருந்தாலும் ஏமாந்திருக்கமாட்டாள். அவளுடைய மூக்கே அவளைக் கவிழ்த்துவிட்டது.

கூப்பிடாமல் திரும்பி வந்தாள். அவர் மில்லுக்குப் போன பிறகு மூட்டையை எடுத்து வந்து, பதினொன்றாம் நம்பரை மற்ற சட்டைகளோடு ஒரே வாளியில் போட்டாள். அதைக் கல்லில் அடித்தபோது கை ஓயும்வரை அடித்தாள்.

வாரக் கடைசியில் விசில் வந்தார். கடைசி ஆட்டத்துக்கு லீக் ஆபீஸிலிருந்து ஆள் வருகிறது, அன்றைக்குக் கூட்டம் கம்மியானால் இதுவரை வந்ததெல்லாம் வீண், அக்கா வந்து நாற்காலி பக்கத்தில் நின்று இரண்டு வார்த்தை சொன்னால் நன்றாக இருக்கும் என்றார். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, பார்த்ததைச் சொன்னாள். விசில் ஆச்சரியப்படவில்லை.

"முதல் வாரமே பாத்துட்டேன்க்கா. கோடு போடற சுண்ணாம்பு எடுக்க வந்தேன். அண்ணன் ஓடிட்டிருந்தாரு. சத்தம் போடாம திரும்பிட்டேன். அன்னையிலேருந்து கேட்டைப் பூட்டுறதில்ல."

"அப்ப ஊரையே ஏமாத்தியிருக்கீங்க."

"நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலியேக்கா." விசில் குரலைத் தாழ்த்தினார். "சொன்னது நீங்கதானே."

விசில் அதோடு விடவில்லை, கெஞ்சினார். ஊரில் எல்லாரும் ஒருத்தரை அங்கே உட்கார வைத்துவிட்டுப் போகிறார்கள், விட்டுவிட்டுப் போனவரைப் பார்க்க மறுவாரம் வந்துதானே ஆக வேண்டும், அதனால்தான் வருகிறார்கள் என்றார். இதை உடைத்தால் எலி மட்டும் போகமாட்டான், அத்தனை பேரும் இரண்டாவது தடவை போய்விடுவார்கள் என்றார். இரண்டாவது தடவை என்ற சொல் அவளைச் சுட்டது. இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டு, யோசிக்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் ரம்பக்காரர் சாப்பிட உட்கார்ந்தார். அவள் தன் தட்டிலும் சோற்றைப் போட்டுக்கொண்டு, அதன் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்தாள். அவர் அதைப் பார்த்தார். வாய்க்குப் போன கை நின்றது.

"இனிமே திங்கக்கிழமை போகாதீங்க" என்றாள்.

அவர் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார்.

"பாத்துட்டியா?"

"பாத்தேன். நான் அவன்னு நெனச்சேங்க. மோந்து பாத்து, அவனேதான்னு நெனச்சேன். இத்தனை வாரமா அவன்கூடத்தான் பேசிட்டிருந்தேன். இப்ப எனக்கு அவன் ரெண்டாவது தடவை செத்துட்டான். நீங்கதான் சாகடிச்சீங்க."

அவர் மறுக்கவில்லை. எச்சில் கையோடு குனிந்தே இருந்தார். மரத்தூள் படிந்த இமைகள் நனைந்து ஒட்டிக்கொண்டன.

"முதல் தடவை எனக்காகத்தான் போனேன். வந்து பாருங்கப்பான்னு அவன் கூப்பிட்டது காதுலயே இருந்துச்சு. பாக்கத்தான் இல்லையே, அவன் ஓடின எடத்துல ஓடியாவது பாப்போம்னு போனேன். ஒரு சுத்துக்கே நெஞ்சு அடைச்சுது. எப்படித்தான் ஓடினானோ." நிறுத்தி மூச்சு விட்டார். "அதோட விட்டுடணும்னுதான் இருந்தேன். ஆனா அந்த வாரம் நீ தட்டை மூடி வைக்கல. சாப்பிட்டே. என்ன ஏதுன்னு கேட்டா தையல்காரி சொல்லுச்சு. அப்புறம் எப்படி நிறுத்துறது?"

அவர் எழுந்து கை கழுவப் போனார். அவள் மூடிய தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் போய்விடவில்லை. ஆனால் முழங்காலில் கையை ஊன்றி நின்ற அந்த நரைத்த தலை கண்ணை விட்டுப் போக மறுத்தது. கடைசியில் மேல் தட்டை எடுத்தாள். சோறு ஆறிப்போயிருந்தது. ஒரு வாய் வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை வாங்க" என்றாள் திரும்பிப் பார்க்காமல்.

கடைசி ஆட்டத்தன்று வெயில் மண்டையைப் பிளந்தது. லீக் ஆபீஸ்காரர் கிழித்த டிக்கெட்டுகளை எண்ணினார், தலைகளை எண்ணினார், இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று விசிலைக் கூப்பிட்டார். "எல்லாரும் வந்திருக்காங்க சார். சில பேர் கண்ணுக்குத் தெரியமாட்டாங்க" என்றார் விசில். ஆபீஸ்காரர் கண்ணாடிக் கூட்டையும் தொப்பியையும் ரிப்பனையும் ஒரு சுற்றுப் பார்த்தார். சட்டப்படி டிக்கெட்தான் கணக்கு என்று முணுமுணுத்துக் கையெழுத்துப் போட்டார். அப்புறம் ஆட்டம் முடியும்வரை யார் பக்கத்திலும் உட்காராமல் நின்றே பார்த்தார்.

லாண்டரிக்காரம்மா முன்வரிசையில் இருந்தாள். இரண்டு வார்த்தை சொல்லச் சொன்ன விசிலிடம் முடியாது என்று சொல்லியிருந்தாள். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரம் கழித்து ரம்பக்காரர் கேட்டில் தெரிந்தார். தேய்த்த சட்டை, சீவிய தலை. மேல் வரிசையில் காலியாக இருந்த ஓர் இடத்துக்குப் போனார். "எங்க வீட்டுக்காரர் இருக்காருங்க" என்றாள் நர்ஸ். மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார். அங்கே யாருடைய தம்பியோ இருந்தான். இன்னொன்றில் ஒரு சிவப்பு ரிப்பன். பேக்கரிக்காரர் அதைச் சட்டென்று கையால் மூடிக்கொண்டார். மகன் உயிரோடு இருந்தபோது கூப்பிட்டும் வராத மனிதருக்கு, செத்தவர்கள் நிறைந்த அந்த மைதானத்தில் உட்கார இடம் இல்லை. அவர் படிக்கட்டில் நின்றார்.

அவள் எழுந்து ஓரக்கோட்டுக்கு நடந்தாள். நாற்காலி முதுகிலிருந்து பதினொன்றாம் நம்பரைக் கழற்றினாள். கூட்டத்தின் பேச்சு வரிசை வரிசையாக அடங்கியது. பந்து ஓடிக்கொண்டிருந்தது, அதைப் பார்க்க ஆள் இல்லை.

"இங்க வந்து உக்காருங்க" என்றாள்.

அவர் இறங்கி வந்து நாற்காலிக்கு ஓர் அடி முன்னால் நின்றுவிட்டார். "அது அவன் எடம்."

"அவன்தானே உங்களைக் கூப்பிட்டான்."

அவர் உட்கார்ந்தார். வெயில் நேர் முகத்தில் அடித்தது. நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து உதட்டுக்கு வந்தது. யோசிக்காமல் இடது தோளில் வாயைத் துடைத்துக்கொண்டார்.

எலியை ஒரு தடவையாவது பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. தையல்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். விசில் கண்ணை மூடிக்கொண்டார். இனி எல்லாரும் எழுந்து போகப்போகிறார்கள் என்று லாண்டரிக்காரம்மா முதுகைத் திருப்பாமலே காத்திருந்தாள். ஒரு பெஞ்சும் கிரீச்சிடவில்லை. வெகுநேரம் கழித்து மேல் வரிசையில் யாரோ மெல்ல, "எலி" என்றார்கள். இன்னொரு குரல், "எலி." கத்தவில்லை. தூங்குகிறவரை எழுப்பாமல் கூப்பிடுகிற மாதிரி, மைதானம் முழுக்க அந்தப் பேர் சுற்றி வந்தது.

ரம்பக்காரர் அவள் பக்கம் சாய்ந்து, "நம்ம பசங்க எந்தப் பக்கம் அடிக்கணும்?" என்று கேட்டார்.

அவள் கையை நீட்டிக் காட்டினாள். சட்டையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டம் முடியும்வரை நாற்காலி பக்கத்திலேயே நின்றாள். அதில் சோப்பு வாசனையைத் தவிர ஒன்றும் இல்லை. நம் பையன்கள் அன்றைக்கும் தோற்றார்கள்.

மறுநாள் காலை இருவரும் சேர்ந்து டீ குடித்தார்கள். அவர் நேராக மில்லுக்குப் போனார், அவள் கிளப் ரூமுக்குப் போனாள். ஜன்னல் விளிம்பில் சாவி வழக்கமான மூலையில் இல்லை, இந்தப் பக்கம் இருந்தது. உள்ளே, முந்தின நாள் அவள் மடித்து வைத்த பதினொன்றாம் நம்பர் பெஞ்சில் விரிந்து கிடந்தது. முதுகு நனைந்திருந்தது. இரண்டு பக்கமும் அக்குளுக்குக் கீழே தையல் விட்டிருந்தது.

முகத்தருகே கொண்டுபோனாள். மகன் இல்லை. அவனுடைய அப்பாவும் இல்லை. அடுப்பில் கருகிய சர்க்கரையும் மைதாவும் மணத்தன. இவ்வளவு பெரிய உடம்பு இந்தச் சின்னச் சட்டைக்குள் எப்படித்தான் நுழைந்ததோ! ஒரு சின்னப் பெண்ணுக்காக எத்தனை சுற்று ஓடியதோ!

துவைத்துக் காயவைத்து, சாயங்காலம் அதைத் தையல்காரியிடம் எடுத்துப் போனாள். இரண்டு பக்கமும் ஒட்டுத்துணி வைத்து அகலமாக்கித் தரச் சொன்னாள். தையல்காரி விட்டுப்போன தையலைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள்.

"யாருக்குக்கா? அண்ணனுக்கா?"

துணி சொன்னதை இந்தத் தடவை அவள் துணியோடு விட்டாள்.

"யார் போட்டாலும் பத்தணும்" என்றாள். "நல்லா பெருசா வச்சுத் தை."